மூன்று இரவுகள் வேண்டும்

சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வுக் கூடம், ஆண்டு 1872. செர்மனியிலிருந்து கிளிங்கர்ஃபூசு என்னும் வானியலார் தந்தி அடிக்கிறார்: பைலாவின் பெயர் தாங்கிய வால்மீன் நவம்பர் 27 அன்று பூமியைத் தொட்டுச் சென்றது, தென்வானிலே தேடுக! கூடத்தின் தலைவர் போக்சன் தேடினார். டிசம்பர் 2இல் ஒரு வால்மீனைக் கண்டார், மறுநாளும் கண்டார். பிறகு வானம் ஒத்துழைக்கவில்லை.

அவ்வளவுதான்! அது எங்கிருந்து வந்தது, எங்கே போயிற்று, மீண்டும் வருமா? இன்றுவரை உறுதியாகக் கூற எவராலும் இயலவில்லை. தேடிய வால்மீன்தானா அது என்பதே ஐயத்திற்குரியது.

ஏன் இயலவில்லை? நான் கலைப் பட்டதாரி; கணிதத்தைக் கண்டு ஒதுங்கி நின்றவன். ஆயினும் இது எனக்கே விளங்கிற்று. ஒரு பாதையின் அளவு, வடிவு, சாய்வு, திசை, சூரியனை நெருங்கும் நாள் என அனைத்தையும் அறுதியிட ஆறு எண்கள் வேண்டும். ஓரிரவு வானில் அதன் இடத்தை அளந்தால் கிடைப்பவை இரண்டே எண்கள், தொலைவு தெரியாது. ஆகவே குறைந்தது மூன்று இரவுகள்! போக்சன் கையிலிருந்தவை நான்கே எண்கள்.

நெடுந்தொலைவிலிருந்து வருவதற்கோ மூன்று இரவுகளும் போதா. பல்லாயிரம் ஆண்டுப் பயணத்திலே நாம் காண்பது சில திங்களே. கிருட்டிணகிரி நெடுஞ்சாலையில் ஒரு முழத்தைப் பார்த்துவிட்டு, அச்சாலை எங்கே போய் வளையும் என்று கூறுவது போன்ற வேலை அது. அளவிலே மயிரிழை பிசகினால் ஆண்டுக் கணக்கில் ஆயிரங்கள் பிசகும். போதாக்குறைக்கு வியாழன் போன்ற பெருங்கோள்களின் ஈர்ப்பு வேறு!

சென்னையிற் பிறந்த வைனு பாப்பு, ஆர்வர்டிலே ஆராய்ச்சி மாணவராயிருந்தபோது, 1949 சூலை 2இல் ஒளிப்படத் தகட்டில் புதிய வால்மீனொன்றைக் கண்டார். போக், நியூகெர்க் ஆகியோர் பெயரோடு அவர் பெயரும் அதற்குச் சூட்டப்பட்டது. அது சுற்றிவர ஏறத்தாழ 60,000 ஆண்டுகள் எனக் கணித்தனர். அவர் பின்னாளில் அமைத்த காவலூர் வானாய்வகம், நம் கிருட்டிணகிரிக்குக் கிழக்கே, சவ்வாது மலையிலே நிற்கிறது.

2024 அக்டோபரில் ஓசூர்ப் பகுதியிலும் ஒரு வால்மீன் பேச்சு. 2023இல் கண்டுபிடிக்கப்பட்ட சுசின்சான்-அட்லசு அது. தமிழிலே வால்மீன், தெலுங்கிலே தோகசுக்க, கன்னடத்திலே தூமகேது. எங்கள் வகுப்பில் மூன்று பெயரும் ஒலித்தன. ஆலை விளக்குகளின் ஒளியில் அதைக் கண்டவர் சிலரே. காணாத சோதிடர் ஒருவர் மட்டும் பலன் கூறிவிட்டார்: தூமகேது மறையும் வரை புது வேலை ஆகாது! என் மாணவி ஒருத்தியின் அக்காளுக்கு அந்த வாரந்தான் ஆலையில் சேரவேண்டிய நாள்.

செய்தி அறிந்து வீட்டுக்குச் சென்றேன். திண்ணையிலே தாத்தா.

"எம்பதாயிரம் வருசத்துக்கு ஒருக்கா வருதாமே வாத்தியாரே, எவன் கூட இருந்து பார்த்தான்?"

நல்ல கேள்வி! சோதிடரிடம் அன்றோ இதைக் கேட்டிருக்க வேண்டும்! போக்சன் கதையைச் சொன்னேன். பத்திரிகைகள் பறைசாற்றிய 80,000 என்பது தொடக்கக் கணக்கு. மேலும் அளந்தபின், அது திரும்பாமலே போகவும் கூடும் என்கிறார்கள் என்றேன்.

"பார்த்தீங்களா, நீங்களே மாத்திப் பேசுறீங்க!"

"ஆமாம் ஐயா. அளவு கூடினால் கணக்கை மாற்றுவார்கள். இரண்டு இரவு பார்த்தும் அதன் பாதை தெரியவில்லை. ஒரு நாளும் பாராதவர் உங்கள் பேத்தியின் வேலையைப் பற்றி எப்படிச் சொன்னார்?"

பெரியவர் வெற்றிலையை மடித்தார், விடை கூறவில்லை. கதவருகே நின்ற பேத்தி மட்டும், "அந்த ரெண்டு நாள் பார்த்தவரு பேரு என்ன சார்?" என்றாள். சொன்னேன். ஆனால் ஆலை குறித்த நாள் அதற்கு முன்பே கடந்துவிட்டது. அந்த இடத்தில் வேறொரு பெண் அமர்ந்துவிட்டாள். இவள் சேர்ந்தது இரண்டு திங்கள் கழித்து, மற்றோர் ஆலையில், குறைந்த கூலிக்கு.