சுவரில் வந்த நோய்

பொட்டிப்புரம் மழைக்கு ஏங்கும் ஊர். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அப்பால் இடுக்கிப் பக்கத்திலேயே பெரும்பாலும் கொட்டித் தீர்ந்துவிட, ஆனியிலும் ஆடியிலும் எங்களுக்கு வாய்ப்பது காற்றும் சிறு சாரலுமே. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதுதான் எங்கள் மழை. இத்தகைய ஊரில் வீட்டுச் சுவரில் பூஞ்சை படரும் என்று எவரேனும் சொல்லியிருந்தால் நாங்கள் நகைத்திருப்போம். விண்வெளிக் கதிர்களையே வடிகட்டிவிடும் அளவுக்குத் திண்மையான பாறை என்று அறிவியலார் நியூட்ரினோ ஆய்வகத்துக்காகத் தெரிவு செய்த அம்பரப்பர் மலை எங்கள் ஊருக்கு அருகில்தான் நிற்கிறது. எங்கள் வீட்டுச் சுவருக்கோ ஒரு தூம்பளவு மழைநீரைத் தாங்கும் திண்மையும் இல்லை.

2021 ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழகமெங்கும் வழக்கத்தை விஞ்சிப் பொழிந்தது. கார்த்திகை நடுவில், அம்மா படுக்கும் அறையின் வடக்குச் சுவரில், பீரோவுக்குப் பின்புறம் கரும்பச்சைப் புள்ளிகள் தோன்றின. துணியால் துடைத்தோம், போயின. நான்கு நாள்களில் உள்ளங்கை அகலத்துக்குத் திரும்பி வந்தன. பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தேய்த்தோம், சுவர் வெளுத்தது. கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. பங்குத்தந்தை வீடு மந்திரிக்க வருவார், உறவினர் வருவர் என்ற பரபரப்பில், மழை ஓய்ந்து பத்து நாள்கூட ஆகாத சுவரின்மேல் விலையுயர்ந்த எமல்ஷன் பெயிண்டை இரண்டு முறை பூசினோம். சந்தன நிறம். வந்தவர் எல்லாரும் பாராட்டினர்.

பாராட்டாதவர் அம்மா ஒருவரே. "ஏய்யா, அந்தச் சுவத்துப் பக்கம் நனைஞ்ச சாக்கு வாடை அடிக்குது" என்று இரண்டு முறை சொன்னார். புதுப் பெயிண்டின் வாடை அம்மா என்றோம். மார்கழி இறுதியில் அவருக்கு இரைப்பு கண்டது. இரவில் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குப் போராடினார். மார்கழிப் பனி என்று நாங்களே காரணம் கற்பித்துக்கொண்டோம். அவருடைய தலைமாட்டிலிருந்து அச்சுவர் ஒரு சாண் தொலைவு. ஓதம் பிடித்த வீடுகளில் வாழ்வோருக்கு மூச்சுக்குழல் கோளாறுகளும் ஆஸ்துமாவும் மிகுதி என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2009 ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்திருப்பதை நாங்கள் அறிந்தது பின்னர்தான். ஆனால் அம்மா சொன்னதைக் கேட்டிருக்க எந்த நூலும் தேவைப்பட்டிருக்கவில்லை.

தை மாதத்தில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. நகத்தால் கிள்ளினால் தோல் போல் உரிந்தது; அடியில் கருமை. அழைத்து வந்த கொத்தனார் சுவரைத் தொடவே இல்லை. நேரே மொட்டைமாடிக்கு ஏறினார். வேப்பிலைச் சருகு அடைத்துக்கொண்ட தூம்பும், அம்மூலையில் தேங்கி நின்ற நீரின் கறையும் அங்கே கிடந்தன. "உள்ள ஈரம் இருக்கையில மேல எதைப் பூசினாலும் நிக்காதுங்கய்யா" என்றார். பூஞ்சையின் வித்து காற்றில் எங்கும் இருக்கிறது. அதை எவராலும் ஒழிக்க இயலாது. அது முளைக்கத் தேவையான ஈரத்தை மறுப்பது ஒன்றே நம்மால் ஆவது. நாங்களோ மேலிருந்து வந்த நீர் உலர வழியின்றி நெகிழிப் படலத்தால் மூடி, பீரோவைச் சுவரோடு ஒட்டி வைத்துக் காற்றையும் தடுத்திருந்தோம்.

அந்நாள்களில்தான் லேவியர் நூலின் 14ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படித்தோம். மறைநூல் வாசிப்பில் பெரும்பாலோர் விரைந்து கடந்துவிடும் பகுதி அது. வீட்டுச் சுவரில் பசுமையாகவோ சிவப்பாகவோ குழிவிழுந்த கறை தோன்றினால், வீட்டுக்காரரே குருவிடம் சென்று சொல்ல வேண்டும். குரு நுழையும் முன்னரே பொருள்களை வெளியேற்றிவிட வேண்டும். இல்லையேல் அவையும் தீட்டாகிவிடும் என்ற பரிவு அதில் உண்டு. ஏழு நாள் வீட்டை அடைத்து வைத்துப் பார்க்க வேண்டும். கறை பரவியிருந்தால் அக்கற்களைப் பெயர்த்து, உட்சுவர் முழுவதையும் சுரண்டி, ஊருக்கு வெளியே கொட்டிவிட்டுப் புதுக் கல்லும் புதுச் சாந்தும் இட வேண்டும். அதன் பின்னும் வந்தால் வீட்டையே இடிக்க வேண்டியதுதான். மேலே பூசி மறைக்க ஓரிடத்திலும் இசைவில்லை. இதில் வியப்பு என்னவெனில், அம்மக்கள் அப்போது பாலைநிலத்தில் கூடாரங்களில் வாழ்ந்தவர்கள். இன்னும் குடிபுகாத வீடுகளின் சுவர்களுக்கு அச்சட்டம் தரப்பட்டது. நாங்களோ குருவானவரை வரவேற்பதற்காகவே கறையை மறைத்தவர்கள்!

அம்மாவை முன்கூடத்துக்கு மாற்றினோம். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, வித்துகள் பறவாதிருக்கச் சுவரில் நீர் தெளித்து, இடுப்புயரம் முதல் கூரை வரை பூச்சைச் செங்கல் தெரியுமட்டும் கொத்தி எடுத்தோம். பிளீச்சிங் பவுடர் கறையை வெளுக்கச் செய்கிறதே தவிரப் பூச்சுக்குள் ஓடிய இழைகளை எட்டுவதில்லை. அத்தோடு கழிவறை கழுவும் ஆசிட்டைச் சேர்ப்போரும் உண்டு; அக்கலவையிலிருந்து குளோரின் நச்சுவாயு எழும் என்பதை இங்கே எச்சரித்து வைக்கிறோம். தூம்பைச் சீராக்கினோம்; மாடித்தளத்துக்கு வாட்டம் கொடுத்தோம். மாசி, பங்குனி முழுதும் சன்னலைத் திறந்து வைத்துச் சுவரை வெறுமனே காயவிட்டோம். செங்கல் பல்லிளித்த அச்சுவரைப் பார்த்து வந்தோரெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்டனர். ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. சித்திரையில் சுண்ணாம்புச் சாந்து பூசி, சுண்ணாம்பே அடித்தோம். காரத்தன்மையால் பூஞ்சை அதில் எளிதில் வேர்விடாது. ஈரத்தையும் அது அடைத்து வைப்பதில்லை. தை பிறக்கும்போது வெள்ளையடித்த நம் பாட்டனார் இதை அறிந்தே செய்தார்களோ, மலிவென்று செய்தார்களோ!

அம்மாவின் இரைப்பு முற்றிலும் நீங்கிவிடவில்லை. பழைய அறைக்குத் திரும்பிய பின் இரவில் எழுந்து உட்காருவது அருகிவிட்டது. கட்டிலும் பீரோவும் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளியே நிற்கின்றன. 2022 கிறிஸ்து பிறப்புக்கு நாங்கள் எதையும் பூசவில்லை. மூன்று சுவர் சந்தன நிறமும் ஒன்று சுண்ணாம்பு வெள்ளையுமாக அவ்வறை பொருத்தமின்றித்தான் இருந்தது. குடிலை எங்கே வைப்பது என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்க, அம்மா எழுந்து சென்று வடக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துச் சிறிது நேரம் நின்றார்.

"காஞ்சுதான் இருக்கு. இங்கனயே வைங்க" என்றார்.