தாயார் வேஷம்

விருதுநகருக்குப் பக்கத்துச் செந்நெல்குடியில் 1927-ல் பிறந்தவர் எஸ்.என். லட்சுமி. பெயரைச் சொன்னால் பலர் யோசிப்பார்கள், முகத்தைக் காட்டினால், "அட, இந்தப் பாட்டியா!" என்பார்கள்.

நாடக மேடையில் தேர்ந்து சினிமாவுக்கு வந்தவர் அவர். 1964-ல் வெளிவந்த 'சர்வர் சுந்தர'த்தில் நாகேஷுக்குத் தாயார். நாகேஷ் பிறந்ததோ 1933-ல். ஆறு வயது மூத்தவர் அம்மாவாகிவிட்டார்! கதாநாயகனுக்கு வயது ஏறக் கூடாதென்றால், அந்த வயதை வேறு யாராவது சுமக்கத்தானே வேண்டும்?

எங்கள் சிவகாசிப் பக்கத்தில் வாணம் உயரப் போய்ப் பூக்கும்போது, ஊர் முழுவதும் அண்ணாந்து பார்க்கும். மருந்து அடைத்த கையை யாரும் நினைப்பதில்லை. லட்சுமி அம்மாளின் நடிப்பும் அந்தக் கையைப் போன்றதுதான்.

ஆனால் ஒன்று. கதாநாயகிகள் பலர் சில வருஷங்களில் மறைந்தார்கள். இவரோ 1990-ல் 'மைக்கேல் மதன காம ராஜ'னில் திருட்டுப் பாட்டியாக வந்து கொட்டகையையே சிரிக்க வைத்தார். பிறகு சின்னத்திரை, 'சரவணன் மீனாட்சி' தொடரிலும் பாட்டிதான். 2012 பிப்ரவரியில் காலமானார்.

முன்கூட்டியே முதுமையைக் கொடுத்த சினிமாவால், கடைசிவரை அவரை விட முடியவில்லை. அதை வெற்றியென்றே நான் சொல்வேன். ஆனாலும், முப்பது வயது லட்சுமிக்கு முப்பது வயதுக்குரிய பெரிய வேஷம் ஒன்று கிடைத்திருந்தால் என்ன செய்து காட்டியிருப்பார் என்ற ஏக்கம் எனக்குத் தீரவில்லை.