வெள்ளையா வந்த பாட்டில்

ஜூனியர்ஸ், உங்களுக்கு இந்த செமஸ்டர் சுற்றுச்சூழல் வேதியியல் இருக்குன்னு கேள்விப்பட்டேன். "ஈஸி சப்ஜெக்ட், மார்க் ஏத்திக்கலாம்"னு சீனியர்ஸ் சொல்லியிருப்பாங்க. எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க. 1991-ல எம்.சி.மேத்தா வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் சுற்றுச்சூழல் கல்வி கட்டாயம் ஆச்சுங்கிற விஷயமே எனக்கு அப்போ தெரியாது.

எங்களுக்கு இன்டர்னல்ல பார்ட்டிசிபேஷனுக்குன்னு 5 மார்க். கிளாஸ்ல கேள்வி கேட்டா, மேடம் நம்ம பேருக்கு நேரா ஒரு டிக் போடுவாங்க. அதனால பதில் தெரிஞ்ச கேள்வியாப் பார்த்துக் கேட்போம். "அமில மழை எப்படி மேம் வருது?" முந்தின நாளே புக்ல படிச்சிருப்போம். நான் ஏழு டிக் வாங்கினேன்.

அப்புறம் லேப். காலேஜ் பக்கத்து ஏரித் தண்ணில கரைஞ்சிருக்கிற ஆக்சிஜனை வின்க்ளர் முறையில அளக்கணும். காற்றுக்குமிழி இல்லாம பாட்டிலை நிரப்பி, மாங்கனீஸ் சல்ஃபேட்டும் அல்கலைன் அயோடைடும் விட்டுக் குலுக்கினா, பழுப்பு நிறத்துல வீழ்படிவு வரும்னு மேடம் சொல்லியிருந்தாங்க. எல்லா டீமுக்கும் பழுப்பு. எங்க பாட்டில்ல மட்டும் பால் மாதிரி வெள்ளை.

"ரீஏஜென்ட் பழசுடா"ன்னான் ஃப்ரெண்ட். மேடத்துக்கிட்ட கேட்கப் பயம். தப்பாப் பண்ணிட்டோம்னு மார்க் குறைச்சிட்டா? பக்கத்து டீமுக்கு லிட்டருக்கு 6.2 மில்லிகிராம். நாங்க 6.4-ன்னு எழுதினோம். அதுக்கு ஏத்த மாதிரி ப்யூரெட் ரீடிங்கையும் தலைகீழாக் கணக்குப் போட்டு நிரப்பினோம். ரெக்கார்டுக்கு 10-க்கு 10.

இந்த வருஷம் ப்ராஜெக்டுக்காக அதே சோதனையை மறுபடி படிச்சேன். மாங்கனீஸ் ஹைட்ராக்சைடு வெள்ளையாத்தான் இருக்கும். தண்ணில இருக்கிற ஆக்சிஜன் அதோட சேர்ந்தாத்தான் பழுப்பாகும். வெள்ளையாவே நின்னா, அந்தத் தண்ணில ஆக்சிஜன் இல்லைன்னு அர்த்தம்.

அப்போதான் ஞாபகம் வந்துச்சு. மத்தவங்க தண்ணி எடுத்தது படித்துறைப் பக்கம். நாங்க எடுத்தது சாக்கடை வந்து கலக்கிற வாய்க்கால் ஓரம். மீன் வளர்றதுக்கு லிட்டருக்குக் குறைஞ்சது 4 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கணும்னு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரையறை வச்சிருக்கு. எங்க ரெக்கார்டுபடி அந்த வாய்க்கால் ஓரத்துல மீன் ஜம்முனு வாழலாம்.

ஒருவேளை ரீஏஜென்ட் நிஜமாவே பழசா இருந்திருக்கலாம். இன்னொரு பாட்டில் எடுத்துப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். நாங்க அதை சிங்க்ல கொட்டிட்டுக் கேன்டீனுக்குப் போயிட்டோம்.

மேடத்தை நான் குறை சொல்லல. ஒரே நாள்ல அறுபது ரெக்கார்டைத் திருத்துறவங்களுக்கு 6.4-ஐப் பார்த்து எப்படிச் சந்தேகம் வரும்? மறைச்சது நாங்க.

அன்னிக்கு நான் கேட்டிருக்க வேண்டியது ஒரே கேள்விதான்: "மேம், இது ஏன் வெள்ளையா இருக்கு?" அதுக்குப் பதில் எனக்குத் தெரியாது. தெரியாததாலதான் கேட்கல.

உங்க பாட்டில் வெள்ளையா வந்தா கொட்டிடாதீங்க. கையைத் தூக்குங்க. ரெண்டு மார்க் போனாலும் பரவாயில்ல.