நடுநாட்டு வழியில் – 6: பழமில்லாத மாதம்

விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளைப் பார்த்துவிட்டு, கார்த்திகைக்காக அடுக்கிக்கொண்டிருந்த அகல்விளக்குகளில் ஒரு டஜன் வாங்கியதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். மறுநாள் காலை உளுந்தூர்ப்பேட்டை பஸ்ஸில் ஏறி மங்கலம்பேட்டையில் இறங்கினேன். "முந்திரிக் கொல்லை பாக்கணும்" என்றதும் டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"ஐப்பசியில வந்து என்னாத்தப் பாப்பீங்க சார்? பங்குனியில வாங்க, பழம் திங்கலாம்."

ஆனாலும் வழி சொன்னார். செம்மண் பாதை, ராத்திரி மழையில் செருப்பைப் பிடித்து இழுத்தது. இரண்டு ஏக்கர் கொல்லை. பெரியவர் ஒருவர், அவர் மருமகள், கூலிக்கு வந்த இரண்டு பெண்கள். பெண்கள் களைக்கொட்டால் மரத்தடிப் புல்லைச் செதுக்கிக்கொண்டிருக்க, பெரியவர் ஓர் அடிமரத்தின் முன் குந்தியிருந்தார்.

"இங்க பாருங்க தம்பி."

பட்டையில் மிளகு அளவுக்கு ஒரு துளை. அதிலிருந்து கோந்து வழிந்திருந்தது. கீழே மரத்தூள் குவிந்திருந்தது. சைக்கிள் கம்பியை வளைத்துச் செய்த கொக்கியை உள்ளே விட்டுத் துழாவி மெல்ல இழுத்தார். விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைப் புழு வந்து நெளிந்தது. தண்டுதுளைப்பான். விட்டுவைத்தால் இலை மஞ்சளாகி, மரமே பட்டுப்போகும். அவர் அதை நசுக்கிவிட்டு, துளையைச் சுற்றி வேப்பெண்ணெய்க் கரைசலைப் பூசினார்.

மருமகள், காய்ந்த கிளைகளையும் தரையைத் தொடும் கிளைகளையும் அரிவாளால் கழித்துக்கொண்டே வந்தார். முந்திரியை யாரும் மரத்திலிருந்து பறிப்பதில்லை. விளைந்து, பழத்தோடு தானாக விழும் கொட்டைக்குத்தான் மதிப்பு. அதைப் பொறுக்க ஆள் குனிந்து நுழையவேண்டும். சருகுக்குள் கொட்டை மறையவும் கூடாது. இதே மாதங்களில் மத்தியதரைக் கடலோரத்தில் ஆலிவ் மரத்தடியில் வலை விரித்து, கோலால் தட்டிக் காயை உதிர்ப்பார்கள். இங்கே தரைதான் வலை. அதைத்தான் இப்போதிருந்தே செதுக்குகிறார்கள். தை பிறப்பதற்குள் பூ வரும். அந்த நேரத்தில் மேகம் மூடினால் தேயிலைக் கொசுவும் கூடவே வந்து துளிரையும் பூவையும் கருக்கிவிடும்.

மரங்களில் பாதி இளசாக இருந்தன. காரணம் கேட்டேன். "தானே" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார். 2011 டிசம்பர் 30ஆம் தேதி கரையைக் கடந்த அந்தப் புயல் கடலூர் மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம், தலைமுறை தலைமுறையாக இங்கே சோறு போட்டது, ஒரே காலையில் படுத்துவிட்டது. இப்போது நிற்பவை ஒட்டுக்கன்றுகள், விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் தந்த வி.ஆர்.ஐ. 3 ரகம். மூன்றாம் வருஷமே காய்க்கத் தொடங்கும்.

மூலையில் ஒரு கிழட்டு மரம் மட்டும் படுத்தவாக்கில் கிடந்தது. பாதி வேர் வானத்தைப் பார்க்க, மறுபாதி மண்ணைப் பிடித்துக்கொண்டு, நடுவிலிருந்து செங்குத்தாகக் கிளை விட்டிருந்தது. "அப்பா வச்சது. வெட்ட மனசு வரல" என்றார். அதன் அடியிலும் புல் செதுக்கியாகிவிட்டது.

பொழுது சாய, பெண்கள் அடுப்புக்கு மிளாறு கட்டித் தலையில் வைத்துக்கொண்டார்கள். கிளையைத் தொட்ட என் சட்டைக் கையில் கறை கறுத்திருந்தது, துவைத்தாலும் போகாதாம்.

டீக்கடைக்காரர் விடவில்லை. "என்னா சார், ஒண்ணும் இல்லையே?"

சட்டைக் கையை நீட்டிக் காட்டினேன்.

அடுத்த வாரம் பண்ருட்டி. கொட்டை உடைக்கும் கைகளைப் பார்க்கப் போகிறோம்.

(தொடரும்)