நாயனம் நீண்ட கதை

கல்யாண வீட்டில் நாயனக்காரர் உறையிலிருந்து நாயனத்தை உருவி எடுக்கும்போது அதன் நீளத்தைக் கவனித்திருக்கிறீர்களா? இன்று நாம் பார்ப்பது ஏறக்குறைய இரண்டரை அடி நீளமுள்ள பாரி நாயனம். நம் பாட்டன்மார் கேட்டது ஒன்றரை அடி சுமாருக்கு இருக்கும் திமிரி. பெயர் ஒன்றுதான், ஆனால் குரல் வேறு.

திமிரிக்குச் சுருதி நாலு, நாலரை, ஐந்து கட்டை என்று மேலே நிற்கும். மைக் இல்லாத காலத்து வாத்தியம் அது. சாமி புறப்பாட்டில் ஊதினால், ஊருக்கு வெளியே கிணற்று மேட்டில் கவலை ஓட்டுகிறவருக்கும் சாமி எந்தத் தெருவில் வருகிறது என்று தெரிந்துவிடும். நம் சேலம், நாமக்கல் பக்கம் மரம் குறைந்த வெட்டவெளி. கரட்டில் மோதித் திரும்பும் ஓசையே தனி.

அதை நீளமாக்கிச் சுருதியை இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறக்கியதில் பெரும் பங்கு திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளைக்கு உண்டு. குழல் நீண்டால் சுருதி இறங்கும், நாதம் கனக்கும், மணிக்கணக்கில் ராக ஆலாபனை செய்யலாம். அதற்கு விலையும் உண்டு. துளைகள் தள்ளிப் போவதால் விரலை எட்டி வைக்க வேண்டும். சின்னக் கை உள்ள பையன்கள் படும் பாட்டைக் குருகுலத்தில் பார்த்தவர்கள் சொல்வார்கள்.

இன்னொரு சிக்கல் மத்திமம். பழைய நாயனத்தில் சுத்த மத்திமம் தானாகப் பேசாது. சங்கராபரணம் வாசிக்க வேண்டுமானால் துளையை அரைகுறையாக மூடி, மூச்சை அடக்கி, அந்த ஸ்வரத்தைக் கீழே இழுக்க வேண்டும். கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி 1955-ல் அதைச் சரிசெய்து கடைந்து கொடுத்தார். மறு ஆண்டு டிசம்பரில் பிள்ளை காலமானார். அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். ஐரோப்பாவில் நாயனத்துக்கு உறவான வாத்தியம் ஓபுவா. பிரெஞ்சில் பதம் பிரித்தால் 'உரத்த மரம்' என்று பொருள் வரும். தெருவில் ஊதிய முரட்டுக் குழலை 17-ம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசவைக் கலைஞர்கள் மண்டபத்துக்கு ஏற்றபடி மென்மையாக்கினார்கள். பெயரில் மட்டும் 'உரத்த' தங்கிவிட்டது. நம்மிடமும் அப்படி ஒன்று உண்டு. பக்கத்தில் நின்று ஒரே சுருதியை விடாமல் பிடிக்கும் ஒத்துக்காரரை நீக்கி, தம்பூராவை வைத்துக்கொண்டவரும் ராஜரத்தினம் பிள்ளைதான். அப்புறம் சுருதிப் பெட்டி வந்தது. ஒத்துக்காரர் போய்விட்டார், 'ஒத்து ஊதுகிறான்' என்ற பேச்சு மட்டும் நம் ஆபீஸ்களில் செழிப்பாக இருக்கிறது!

மாறாதது மரம். ஆச்சா மரம்தான் வேண்டும், அதுவும் பழையது. பச்சை மரம் வெடித்துவிடும் என்று, இடித்த வீடுகளின் உத்திரத்தையும் தூணையும் தேடி வாங்குவார்கள். கீழே அகன்ற அணசுக்கு வாகை. ஆச்சா நம் சேலம் ஜில்லாவின் வறண்ட காடுகளிலும் வளர்கிற மரம். எங்கள் தெருவில் போன வருஷம் ஓர் ஓட்டு வீட்டை இடித்தபோது கருத்த உத்திரங்கள் லாரியில் ஏறிப் போயின. விறகுக்கா, வாத்தியத்துக்கா, யார் கண்டது?

இத்தனையும் எழுதக் காரணம் ஒரு சண்டை. எங்கள் கோயில் நோம்பிக்கு மூன்று வருஷமாகக் கேரளத்துச் செண்டை மேளம். நாயனம் எடுபடவில்லையாம். எடுபடாமல் என்ன செய்யும்? மைக் வைத்த மேடைக்காக நீட்டி, குரலை இறக்கிய வாத்தியத்தைத் தெருவில் ஜெனரேட்டர் வண்டிக்கும் வெடிக்கும் நடுவில் நிறுத்துகிறோம். நான்கு நாள் உற்சவத்தை நம்பியிருக்கும் மேளக்காரர் குடும்பத்துக்கு அந்த நான்கு நாளும் போயிற்று. கச்சேரிக்குப் பாரி இருக்கட்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. புறப்பாட்டுக்குத் திமிரியை அழையுங்கள் என்று கமிட்டிக் கூட்டத்தில் சொன்னேன். "அதெல்லாம் இப்ப ஆரு ஊதறாங்கய்யா?" என்றார் தலைவர்.

நையாண்டி மேளத்தில் இன்னும் ஊதுகிறார்கள். ஒரு ஜோடி கொண்டுவந்தால் இந்த வருஷம் ஒரு நாள் புறப்பாட்டைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று கடைசியில் ஒத்துக்கொண்டார். பங்குனிக்கு நாள் அதிகமில்லை. ராசிபுரம், பரமத்தி, ஆத்தூர் பக்கம் திமிரி ஊதுகிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.