முப்பது கிரெடிட் கணக்கு

புனேவில் கிளினிக் போட்டதிலிருந்து பாதி ஞாயிற்றுக்கிழமை சி.எம்.இ.யிலேயே போய்விடுகிறது. பட்டம் வாங்கிய டாக்டர்கள் தொடர்ந்து படிக்கணும் என்று நடத்துகிற வகுப்புதான் அது. "இன்னுமாடா படிக்கிறே?" என்று போனில் கேட்கிறாள் அம்மா. ஆமாம்மா, கடையை மூடுகிற வரைக்கும் :-)

ஐந்து வருஷத்தில் 30 மணி நேரமாவது இப்படிப் படிக்கணும் என்று 2002 மருத்துவ நன்னடத்தை விதிகள் சொல்கின்றன. மகாராஷ்டிராவில் பதிவைப் புதுப்பிக்கவே 30 கிரெடிட் காட்டணும். 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புது விதிகள் போட்டது. மருந்துக் கம்பெனி காசில் நடக்கும் கருத்தரங்குக்குப் போகக்கூடாது என்பதும் அதில் இருந்தது. அதே மாதமே நிறுத்தி வைத்துவிட்டார்கள். மறுபடியும் 2002 விதிதான்.

கிரெடிட் எப்படிக் கிடைக்கிறது? நடத்துகிறவர்கள் தலைப்பு, நேரம், பேச்சாளர் பட்டியல் எல்லாம் மாநில கவுன்சிலுக்கு அனுப்பி அங்கீகாரம் வாங்குவார்கள். நாம் போய்க் கையெழுத்துப் போட்டு உட்கார்ந்தால் கிரெடிட். என்ன கற்றுக்கொண்டோம் என்று யாரும் கேட்பதில்லை.

போன மாதம் ஒரு பெரிய ஓட்டலில் வால்வு மாற்றும் புது முறை பற்றி ஒரு நிபுணர் பேசினார். அருமையான பேச்சு, குறை சொல்லவே முடியாது. ஆனால் திங்கட்கிழமை என் பெஞ்சில் இருந்தவர்கள் யார்? இருமல், மூட்டுவலி, மாத்திரையைப் பாதியில் நிறுத்திய பி.பி.க்காரர். வால்வு ஒன்றுகூட வரவில்லை.

எங்கள் ஏரியாவில் நாங்கள் ஐந்து ஜி.பி.க்கள் மாதம் ஒருநாள் ராத்திரி கிளினிக் மூடிய பிறகு கூடுவோம். ஆளுக்கு ஒரு கேஸ், டீ, வடாபாவ். ஒருமுறை ஒருவர் ஒரு ஆட்டோ டிரைவரைப் பற்றிச் சொன்னார். ஒரு மாத இருமல். வேறு எங்கோ லீவோஃப்ளாக்சசின் கொடுத்திருக்கிறார்கள், கொஞ்சம் குறைந்திருக்கிறது, திரும்ப வந்துவிட்டது. சளியைச் சோதித்தால் டி.பி. அந்த மருந்து டி.பி. கிருமியையும் கொஞ்சம் அடக்கும், அதனால் நோய் ஒளிந்துகொள்ளும். அதற்குள் வீட்டில் இருக்கும் குழந்தைகளுக்கும் தொற்றலாம். அன்றைக்கே ஐந்து பேரும் முடிவு செய்தோம்: இரண்டு வாரம் தாண்டிய இருமலா, முதலில் சளிப் பரிசோதனை. டி.பி. இல்லை என்று தெரியும்வரை அந்த மாத்திரையைத் தொடுவதில்லை.

அந்த ராத்திரிக்குக் கிடைத்த கிரெடிட், பூஜ்யம்.

எங்களில் மூத்தவர் ஒருவர் சொல்வார், "அந்த முப்பதும் இல்லேன்னா பாதிப் பேர் புஸ்தகத்தையே திறக்க மாட்டான்." நியாயம்தான். கட்டாயம் வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. எதை அளக்கிறோம் என்பதுதான் என் கேள்வி. பிரிட்டனில் 2012 முதல் டாக்டர்கள் லைசென்ஸைத் தக்கவைக்க, வருஷா வருஷம் இன்னொரு டாக்டரோடு உட்கார்ந்து, என்ன கற்றோம், அதனால் வேலையில் எதை மாற்றினோம் என்று பேசணும். அங்கேயும் புலம்பல் உண்டு. ஆனால் கேட்கிற கேள்வி சரியான கேள்வி.

நம்மிடமும் ஆள் இல்லாமல் இல்லை. வேலூர் சி.எம்.சி. குடும்ப மருத்துவர்களுக்காகவே ஒரு தொலைதூரப் படிப்பு நடத்துகிறது. நோயாளியைக் கண்டபடி பெரிய ஆஸ்பத்திரிக்குத் தள்ளாமல், நாமே பார்க்க முடிந்ததை நாமே பார்ப்பது எப்படி என்பதுதான் அதன் சாரம்.

அங்கீகாரம் கொடுப்பவர்கள் மூன்றே மூன்று கேட்டால் போதும். பாடத்திட்டம் போட்டவர்களில் ஒரு ஜி.பி. உண்டா? செலவு யாருடையது? மூன்று மாதம் கழித்து, வந்தவர்களின் சீட்டில் ஏதாவது மாறியதா?

வடாபாவ் கூட்டத்துக்கும் அரை கிரெடிட் போட்டுக் கொடுத்தால் சந்தோஷம். போடாவிட்டாலும் அடுத்த மாதம் கூடுவோம்.