பாசியில் மாட்டாத தூண்டில்!

ஓட்டப்பிடாரம் என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வரும்? வ.உ.சி.தானே! 1872-ல் அவர் பிறந்த ஊர். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்து, வெள்ளைக்காரன் கண்ணெதிரிலேயே தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே கப்பல் விட்டவர். அந்த ஊரில் பெண் எடுத்த அடியேனும் தண்ணீரில் விட்டிருக்கிறேன். கப்பல் இல்லை... ஜிக். மூணு ஜிக். மொத்தம் 650 ரூபாய்.

ஜிக் என்றால் என்னவென்று பிறகு சொல்கிறேன். முதலில் என் மாமனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மாமா, உப்பளத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பி.காம். பெண் பார்க்கப் போன அன்றைக்கு, பற்று வரவு என்று முக்கால் மணி நேரம் எங்களுக்குள் பேச்சு களை கட்டியது. பெண் உள்ளே காபியோடு காத்திருந்ததை இரண்டு பேருமே மறந்துவிட்டோம். அப்புறம் நான் ஆடிட்டர் ஆபீஸ் வேலையை உதறிவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதக் கிளம்பினேன். அன்று முதல் அவர் பேச்சு, "வாங்க மாப்ள, சொகமா?" என்ற அளவில் நின்றுபோனது. எழுத்தாளன் என்பதை எந்தப் பக்கத்தில் எழுதுவது, பற்றிலா வரவிலா என்று அவருக்குக் குழப்பம். எனக்கும்தான்!

ஆனால் ஒரே ஓர் இடத்தில் மட்டும் மனுஷர் மனம்விட்டுப் பேசுவார். ஊருக்கு வெளியே இருக்கிற குளத்தங்கரையில். மூங்கில் கம்பு, நுனியில் தங்கூஸ், அதில் ஒரு பெரிய முள், முள்ளில் உயிர்த் தவளை. ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும் (எங்கள் பக்கம் அமலைச்செடி என்போம்). அதற்கு நடுவே தட்டு அகலத்துக்கு எங்காவது தண்ணீர் தெரியும். அந்தப் பொத்தலில் தவளையை 'தொப்... தொப்...' என்று தட்டுவார். பத்து நிமிஷம். சில நாள் ஒரு மணி நேரம். திடீரென்று 'ளபக்'! அன்றைக்கு வீட்டில் விரால் குழம்பு.

கடல் மீன் கூடை கூடையாக இறங்குகிற ஜில்லாவில் இருந்துகொண்டு, "கொளத்து விராலுக்கு ஈடா எதுவும் கெடையாது மாப்ள" என்பார். நானும் தலையாட்டுவேன். மாமனார் வீட்டில் வேறு எதை ஆட்டுவது!

போன வருஷம் அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்தது. டாக்டர், மாத்திரை எல்லாம் ஆயிற்று. காபி டம்ளரை இப்போது இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறார். தவளையை முள்ளில் கோர்க்க முடியவில்லை. ஒருநாள் கம்பைத் தூக்கி மாட்டுத் தொழுவத்துப் பரணில் செருகிவிட்டு, "போதும். அதும் பொழைச்சுக் கெடக்கட்டும்" என்றாராம். அதற்கப்புறம் குளத்துப் பக்கமே போகவில்லை என்று என் மனைவி ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிச் சொன்னாள்.

"நீங்க கூட்டிட்டுப் போங்க. தவளையை நீங்க கோத்துக் குடுங்களேன்."

சொல்வது சுலபம்! எனக்குத் தவளை என்றால் பாத்ரூமில் பார்த்தாலே பத்தடி பாய்ச்சல். (தவளை பாய்வதைச் சொல்லவில்லை.) போதாக்குறைக்கு, இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள் வேறு, "தவளை பாவம்ப்பா, அது கொசுவைத் தின்னும்னு மிஸ் சொன்னாங்க" என்று கட்சி கட்டிவிட்டாள். மிஸ் சொன்னதில் விஷயம் இருக்கிறது. தவளைக் கால்களை வெளிநாட்டுக்கு ஏற்றி ஏற்றி, வயல்களில் பூச்சி பெருகுகிறது என்ற கூக்குரல் எழுந்த பிறகு, 1987-ல் இந்திய அரசாங்கம் அந்த ஏற்றுமதிக்கே தடை போட்டது.

ஆக, தவளை இல்லாமல், அமலைச்செடியில் மாட்டாமல் விரால் பிடிக்க வேண்டும். என்ன வழி?

செல்போனில் தேடினேன். அகப்பட்டான் ஓர் அமெரிக்கன். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கையில் பச்சை மீன். அவர்கள் ஊரில் 'பாஸ்' என்று ஒரு மீன். ஆபீஸில் இருக்கிற பாஸ் வேறு. அவர் எந்தத் தூண்டிலிலும் சிக்க மாட்டார். இந்த பாஸ் ஏரிகளில் பாசிக்குள் பதுங்கி இரை பிடிக்கிற ஆசாமி. வாய் மட்டும் வாளி அகலம். 1932-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் பிடித்த சுமார் 10 கிலோ மீன்தான் உலக சாதனை. 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா அதைச் சமன் செய்தார். பாசிக்குள் ஒளிந்திருக்கிற பெரிய வாய் மீன் என்றால் நம் விராலுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரிதானே? நான் அப்படித்தான் நினைத்தேன். அங்கேதான் சறுக்கல்!

தொப்பிக்காரன் சிபாரிசு செய்ததுதான் ஜிக். தூண்டில் முள்ளின் கழுத்தில் ஈயத்தை உருக்கி வார்த்து ஒரு தலை. தலைக்குக் கீழே ரப்பர் இழைகளில் பாவாடை. முள்ளின் முனைக்கு முன்னால் நைலான் குச்சங்கள், பல் தேய்க்கிற பிரஷ் மாதிரி விறைத்து நிற்கும். இந்த பிரஷ்தான் சமாசாரமே. பாசித் தண்டு வந்தால் பிரஷ் தள்ளிவிடும். மீன் கடித்தால் பிரஷ் மடங்கி, முள் வெளியே வந்து வாயில் ஏறும். நுழைவாயிலில் வாட்ச்மேன் மாதிரி.

வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில உண்டு. (இது எனக்குத் தெரிந்தது வாங்கின பிறகு.) பாசிக்குள் போட வேண்டுமானால் தலை கூம்பாக இருக்க வேண்டும், உருண்டையாக இருந்தால் செடியை அள்ளிக்கொண்டு வரும். நரம்பு கட்டுகிற வளையம் மூக்கு நுனியில் இருப்பது நல்லது. உச்சந்தலையில் இருந்தால் ஒவ்வொரு தண்டும் அதில் வந்து உட்காரும். அடர்ந்த செடியைத் துளைத்து இறங்க 14 கிராம் போல கனம் வேண்டும். லேசான பாசிக்கு 7, 10 கிராமே போதும். எல்லாவற்றுக்கும் மேலே, அந்த பிரஷ்ஷைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்க வேண்டும். விரலுக்கு வளையாதது மீன் வாய்க்கு வளையுமா? ரொம்ப விறைப்பாக இருந்தால் நாலைந்து குச்சத்தைக் கத்தரித்துவிடலாம்.

நான் எதையும் அமுக்கவில்லை. படத்தைப் பார்த்தேன், பணத்தைக் கட்டினேன்.

தை மாதம். மழையில் குளம் நிரம்பி, கரையெல்லாம் பச்சை. மீன்பாசி குத்தகை எடுத்தவரிடம் முறையாகப் போய்க் கேட்டேன். "கம்புதானே... போட்டுக்கிடுங்க. வலை மட்டும் ஆகாது" என்றார். மாமா முதலில் வர மாட்டேன் என்றார். பேத்தி கையைப் பிடித்து இழுத்ததும் வந்து பனைமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்தார். ஜிக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, இதுல பிரஷ்லா வச்சிருக்கு? பல்லு வெளக்கிட்டுத்தான் கடிக்குமோ?"

முதல் ஜிக் அமலைத் தண்டுகளைத் தாண்டி அழகாக இறங்கியது. அடியில் வேர் இருக்கிறதே, தாடி மாதிரி தொங்கும் வேர்... அதற்குள் போனது. பிரஷ் தண்டைத் தள்ளும். தாடியை என்ன செய்யும்? பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். நரம்பு அறுந்தது.

இரண்டாவது, வீசின வேகத்தில் எதிர்க்கரை சீமைக்கருவேல மரத்தில் போய்த் தொங்கியது. பாசியில் மாட்டாது என்றுதான் விளம்பரத்தில் எழுதியிருந்தான். மரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

மூன்றாவதைக் கொஞ்சம் திறந்த தண்ணீரில் போட்டேன். மீன் கடித்தது! சத்தியமாகக் கடித்தது. இழுத்தேன், வெறும் ஜிக் வந்தது. மறுபடி கடி, மறுபடி வெறும் ஜிக். வாட்ச்மேன் பாசியை மட்டுமல்ல, மீனையும் உள்ளே விடவில்லை. மூன்றாவது கடிக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் இழுப்பு இழுத்தேன். முள் ஏறியது. விரால் நேரே அமலைக்குள் பாய்ந்தது. டொப்! நரம்பும் போச்சு, ஜிக்கும் போச்சு. கரையில் எனக்கு மிச்சம், கைநிறையப் பாசி. மீன்பாசி குத்தகை அல்லவா? மீன் அவருக்கு, பாசி எனக்கு!

மாமா சிரிக்கவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு நீளமாகப் பேசினார்.

"இது கீழ போற சாமான் மாப்ள. தரையில மேயுத மீனுக்குச் செஞ்சிருக்கான். நம்ம கொளத்துல கீழ என்ன இருக்கு? கரிசச் சகதி. போனா பொதைஞ்சிரும். விரால் மேல வந்து மூச்சு விடும்லா? அது கண்ணு மேல இருக்கும்."

புஸ்தகமும் அதையேதான் சொல்கிறது. விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்க ஒரு தனி அறையே இருக்கிறது. அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்தாக வேண்டும். வர விடாமல் வலையில் அமுக்கி வைத்தால் மீன் தண்ணீரிலேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும்! அதே காரணத்தால்தான் கோடையில் குளம் வற்றினாலும் சகதிக்குள் தாக்குப் பிடிக்கிறது. அமெரிக்க பாஸ், அடியில் ஊர்கிற நண்டு மாதிரி ஜந்துவைத் தேடிக் குனிகிற மீன். அந்த நண்டுக்குப் பதிலிதான் ஜிக். நம்ம ஆள் நிமிர்ந்து பார்க்கிற பேர்வழி.

அடுத்த வாரம் தூத்துக்குடியில் தூண்டில் சாமான் விற்கிற கடைக்குப் போனேன். "விராலுக்கா? மொதல்லயே இங்க வந்திருக்கலாம்லா அண்ணாச்சி" என்று கடைப் பையன் ரப்பர் தவளையை எடுத்துப் போட்டான். உள்ளே காற்று, அதனால் மிதக்கும். வயிற்றுக்கடியிலிருந்து வருகிற இரட்டை முள், முதுகோடு ஒட்டி மேல்நோக்கிப் படுத்திருக்கும். அதனால் இலை மேல் இழுத்தாலும் மாட்டாது. மீன் கவ்வினால் ரப்பர் அமுங்கி, இரண்டு முள்ளும் கொம்பு மாதிரி எழும்பும். இந்தத் தடவை கடையிலேயே அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். விறைப்பாக இருந்த இரண்டைத் திருப்பிக் கொடுத்தேன். நைலான் ரப்பர் மாதிரி நீளும், இழுக்கிற விசையை அதுவே தின்றுவிடும் என்று சொல்லி, நீளாத பின்னல் நரம்பும், வளைந்து கொடுக்காத கட்டையான ராடும் தலையில் கட்டினான். ஜிக் கணக்கை மனைவியிடம் சொல்லிவிட்டேன். இந்தக் கணக்கை இன்னும் சொல்லவில்லை.

மறுபடி குளம். தவளை அமலை மேல் தத்தித் தத்தி வந்து பொத்தலில் விழுந்தது. தண்ணீர் வெடித்தது! உடனே இழுத்தேன். தவளை என் நெற்றிக்கே பறந்து வந்தது.

"அவசரப்படாதீங்க. வாயில வாங்கட்டும். ஒரு மூச்சு விட்டுட்டு இழுங்க."

ஒரு மூச்சாவது! நெஞ்சு படபடக்கிற படபடப்பில் இன்னும் இரண்டைத் தவறவிட்டேன்.

அப்போதுதான் பார்த்தேன். கரையோரம், பத்தடியில், தண்ணீர் சிவப்பாகக் கொதிக்கிற மாதிரி ஒரு வட்டம். நூற்றுக்கணக்கில் விரால் குஞ்சுகள். அதன் அடியில் கறுப்பாக ஒரு நிழல். தாயோ தகப்பனோ. தவளையைப் போட்டால் நிச்சயம் பாயும்; பசிக்காக இல்லை, கோபத்தில். மூன்று வாரமாக வெறுங்கை. இதோ கண்ணெதிரே மீன். ராடை ஓங்கினேன்.

மாமாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. நடுங்குகிற கை. ஆனால் பிடி உடும்பு.

"அது பிள்ள மேய்க்குது. அங்கன போடாதீங்க. அதப் புடிச்சிட்டா அரை மணி நேரத்துல கெளுத்தி வந்து அத்தனையும் தின்னுரும்."

"ஒண்ணே ஒண்ணு மாமா..."

பதில் சொல்லவில்லை. கையையும் எடுக்கவில்லை. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராடைத் தாழ்த்தினேன். மனசார என்று சொன்னால் பொய்.

நூறடி தள்ளிப்போய் வேறொரு பொத்தலில் தவளையைப் போட்டேன். போட்ட நிமிஷம் செல்போன். எடிட்டர்! கட்டுரை எங்கே என்று கேட்கத்தான். ராடை மாமா கையில் திணித்துவிட்டு, "இதோ முடிஞ்சிருச்சு சார், கடைசிப் பாராதான்" என்று பனைமரத்தைப் பார்த்துப் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, தவளை பாரு!" என்றாள் மகள்.

திரும்பினேன். மாமா ராடை இரண்டு கையாலும் பிடித்தபடி சும்மா நின்றார். அவர் எதுவும் செய்யவில்லை. கை நடுங்கியது. ராடின் நுனி நடுங்கியது. இருபதடி தூரத்தில் பொத்தலுக்குள் தவளை, இருந்த இடத்தைவிட்டு நகராமல், உயிருக்குப் பயந்த மாதிரி சிலிர்த்துக்கொண்டிருந்தது. சின்னச் சின்ன வளையமாகத் தண்ணீர் விரிந்தது. என்னால் ஒரு மாசமாக வரவழைக்க முடியாத அசைவு.

'டபார்!'

மாமா மூச்சை இழுத்தார். விட்டார். அப்புறம்தான் ராடைத் தூக்கினார்.

எடிட்டர் லைனில் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருக்க, போனை வேட்டியில் செருகிக்கொண்டு முழங்கால் சகதியில் இறங்கினேன். அமலையோடு சேர்த்து இழுத்தோம். பின்னல் நரம்பு அறுந்தே போகவில்லை. பலசரக்குக் கடைத் தராசில் பிறகு போட்டுப் பார்த்தது: 1 கிலோ 750 கிராம்.

மாமா தவளையைக் கழற்றி, அதன் வயிற்றைப் பிதுக்கித் தண்ணீரை வெளியேற்றினார். நடுக்கத்தில் அது அவர் கையிலும் துள்ளியது. பேத்தி சிரித்தாள்.

"போன்ல யாரு மாப்ள?"

"எடிட்டர், மாமா."

"நல்லதாப் போச்சு. இன்னொரு தடவை பேசிட்டு வாங்க. ராடை நான் வச்சிருக்கேன்."